தொழிலே தவமாகக் கொண்ட தச்சர்

(ஜோர்ஜ் நகாஷிமா: 1905 – 1990)

கைத்தொழில் செய்வோரை ஒரு படி தாழ்த்தியும், மேசை முன்னமர்ந்து எழுதுவோரை ஒரு படி உயர்த்தியும் மதிப்பது நம்மவரிடையே ஊறிப்போன வழக்கம். படித்த பிள்ளை உளி பிடித்தால் பெற்றோர் முகம் வாடுகின்றது. உத்தியோகம் கிடையாத இளைஞன் பட்டறை வாசலை மிதிப்பதிலும் வீட்டில் வாளாவிருப்பதே மேல் என்று எண்ணுகின்றான். இந்நிலையில், உலகப் புகழ்பெற்ற கல்விக்கழகமொன்றிலே கட்டடக் கலையில் முதுமாணிப் பட்டம் பெற்ற ஒருவர், அப்பட்டத்தால் வரக்கூடிய வருவாயையும் பெருமையையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மரத்தூளும் சீவலும் நிறைந்த தச்சுப் பட்டறையையே தம் வாழ்வின் கோயிலாகக் கொண்டார் என்றால் அது நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்றோ? அந்த மனத்தை அவருக்கு அளித்த இடங்களுள் தலையாயது, கடலோரத் தமிழ்நகராகிய புதுச்சேரியிலுள்ள ஓர் ஆச்சிரமம் என்பது நமக்கு மேலும் உவகை தருவதாகும். அவரே ஜோர்ஜ் நகாஷிமா என்னும் பெரியார்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில் அமைந்தது வாஷிங்டன் மாநிலம். அங்குள்ள ஸ்போக்கேன் நகரிலே 1905-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் திகதி நகாஷிமா பிறந்தார். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். வீட்டில் யப்பானிய ஒழுக்கமும் வெளியில் அமெரிக்க வாழ்வுமாக அவர் வளர்ந்தார்.

அம்மாநிலம் மலைக்கும் காட்டுக்கும் பேர்போனது. வானளாவிய ஊசியிலை மரங்களும், உறைபனி மூடிய சிகரங்களும், தெளிந்த ஓடைகளும் நிறைந்த அவ்விடங்களிலே சாரணச் சிறுவனாகத் திரிந்த நாட்களில், மரங்களோடு அவருக்கு ஓர் உறவு ஏற்பட்டது. சிலர் மரத்தைக் கண்டால் நிழலை நினைப்பர். சிலர் விலையை நினைப்பர். இச்சிறுவனோ, பல நூறாண்டு மழையையும் வெயிலையும் பொறுத்து நின்ற ஒரு மூத்தோரைக் காண்பது போல மரத்தைக் கண்டார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது முதலில் அவர் எடுத்துக்கொண்ட பாடம் வனவியலே என்பது இதனை விளக்கும். பின்னர் கட்டடக் கலைக்கு மாறி 1929-இற் பட்டம் பெற்றார். இடையே பிரான்சு சென்று சிலகாலம் பயின்றார். 1930-இல் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

தேடலும் திரிதலும்

ஆனால் அவர் பட்டம் பெற்ற காலமோ உலகப் பொருளாதாரம் நிலைகுலைந்த காலம். கிடைத்த வேலையும் கைநழுவிற்று. வேறொருவர் மனமுடைந்திருப்பர். நகாஷிமாவோ தம்மிடமிருந்த மோட்டார் வண்டியை விற்று, உலகைச் சுற்றிவரும் கப்பற் பயணச் சீட்டொன்றை வாங்கினார். பாரிஸ் நகரிலே ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். அங்கிருந்து கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டு 1934-இல் தம் முன்னோரின் நாடாகிய யப்பானை அடைந்தார்.

தோக்கியோவில் அன்ரனின் றேமண்ட் என்னும் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. றேமண்ட் ஐரோப்பாவிற் பிறந்து, அமெரிக்கா சென்று, பின் யப்பானில் நிலைத்துத் தொழில் புரிந்தவர். புதிய முறைக் கட்டடங்களை எழுப்பிய அவர், யப்பானியத் தச்சரின் பழைய நுட்பங்களையும் பெரிதும் மதித்தார். அங்குள்ள பழைய வீடுகளையும் கோயில்களையும் நகாஷிமா சுற்றிச்சுற்றிக் கண்டார். ஆணியின்றி ஒன்றோடொன்று கழுந்தும் துளையுமாகப் பொருந்தி நூற்றாண்டுகளாக அசையாது நிற்கும் மரவேலைகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

புதுச்சேரியிற் பெற்ற பேறு

அக்காலத்திலே புதுச்சேரி பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்தது. 1910-இல் அங்கு வந்து யோக வாழ்வை மேற்கொண்ட ஸ்ரீ அரவிந்தரையும், ஆச்சிரமத்தை நடத்திவந்த ஸ்ரீ அன்னையையும் நாடிப் பல தேசத்தாரும் வந்துகொண்டிருந்தனர். அடியார்கள் தங்குவதற்கு ஒரு விடுதி வேண்டியிருந்தது. அதனை அமைக்கும் பொறுப்பு றேமண்டிடம் வந்தது. தாமாகவே முன்வந்த நகாஷிமாவை அவர் புதுச்சேரிக்கு அனுப்பினார். கட்டடத்தை அருகிருந்து நடத்தும் பொறுப்பு இவருடையதாயிற்று.

ஹைதராபாத் சமஸ்தானத்தின் பிரதானி சேர் அக்பர் ஹைதரியின் முயற்சியாற் பொருளுதவி கிடைத்தமையால், அந்நாட்டுக் கோட்டையின் பெயரையே தழுவி அவ்விடுதிக்குக் கொல்கொண்டா என்று பெயரிட்டனர். இரும்புக் கம்பி செறித்த கொங்கிறீற்றினால் இந்திய மண்ணில் எழுந்த முதற் புதுமுறைக் கட்டடங்களுள் அதுவும் ஒன்று. கண்ணாடி யன்னல்கள் அதற்கில்லை. அவற்றுக்குப் பதிலாகச் சுவரின் நீளத்துக்கும் திறக்கவும் மூடவும் கூடிய கிடைத் தகடுகள் அமைந்துள்ளன. வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை மட்டும் உள்ளே விடும் அமைப்பு அது. அறைகளுக்குத் தேக்கினாலான இழுகதவுகள். கூலிக்கு வேலை செய்தோர் சிலரே. பெரும்பகுதி வேலையை ஆச்சிரமவாசிகளே செய்தனர். கல்வி கற்றோரும் செல்வக் குடியிற் பிறந்தோரும் கம்பி வளைத்தனர், கலவை சுமந்தனர். விரைவு அங்கே நோக்கமன்று, பிழையின்மையே நோக்கம். செய்யும் ஒவ்வொரு வேலையும் இறைவனுக்குப் படைக்கும் மலரைப் போன்றது என்னும் எண்ணமே எங்கும் நிலவியது.

சம்பளத்துக்கு வேலை செய்ய வந்த இளைஞர் இவற்றைக் கண்டார். தம் படிப்பினால் விடைகாண முடியாத ஏதோ ஒன்று அங்கே விடை கண்டதாக உணர்ந்தார். சம்பளம் வேண்டாவென்று மறுத்து, ஆச்சிரமத்து அடியாருள் ஒருவராகவே தம்மை ஆக்கிக்கொண்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சூட்டிய நாமம் சுந்தரானந்தர் என்பது. அழகிலே ஆனந்தங் காண்பவர் என்பது அதன் பொருள். அவ்விடுதிக்கான தளபாடங்களையும் அவரே வரைந்து செய்வித்தார். பிற்காலத்தில் உலகம் போற்றிய தச்சரின் முதற் கைவேலைகள் புதுச்சேரியிலேதான் உருப்பெற்றன என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாண்டுக்கு மேல் அங்கு வாழ்ந்த பின், 1939-இல் விடைபெற்று யப்பான் சென்றார். தம்மைப் போலவே அமெரிக்காவிற் பிறந்த யப்பானியப் பெண்ணாகிய மரியன் ஒக்காஜிமாவை அங்கே சந்தித்தார். மறுவருடம் தாய்நாடு திரும்பினார். 1941 பெப்ரவரியில் இருவரும் மணஞ் செய்துகொண்டனர்.

உளியைக் கையில் எடுத்தல்

நாடு திரும்பியவர் அக்காலத்தில் எழுந்த பெருங் கட்டடங்கள் சிலவற்றைச் சென்று பார்த்தார். வரைந்தவர் பெரும்புகழ் பெற்றவர், வரைபடமும் அழகுதான். ஆனால் கட்டியவர்களின் வேலை அவர் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. வரைபவன் ஒருவன், கட்டுபவன் ஒருவன், காசு கொடுப்பவன் மற்றொருவன் என்று பிரிந்துவிட்ட தொழிலிலே அன்பு எங்ஙனம் தங்கும்? தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கையும் ஒரே மனமும் ஈடுபடக்கூடிய தொழில் எது என்று ஆராய்ந்தார். மரவேலையே அது என்று தெளிந்தார்.

சியாற்றில் நகரிலே கத்தோலிக்கக் குருமார் நடத்திய சிறுவர் கழகத்தின் நிலவறையில் அவருடைய முதற் பட்டறை தொடங்கிற்று. வாடகைக்குப் பதிலாக அங்குள்ள சிறுவர்களுக்கு மரவேலை கற்பித்தார். இவ்வாறு எளிய இல்லறமும் எளிய தொழிலும் தளிர்விடும் வேளையிலேதான் பேரிடி விழுந்தது.

முட்கம்பிக்குள்ளே

1941 டிசம்பர் 7-ஆம் திகதி யப்பானியப் படை பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 பெப்ரவரி 19-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த கட்டளையின்படி, மேற்குக் கரையோரம் வாழ்ந்த யப்பானிய வமிசத்தினர் ஏறத்தாழ 120,000 பேர் வீடுவாசல்களினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். எக்குற்றமும் செய்யாதவர்கள். விசாரணையுமில்லை, தீர்ப்புமில்லை. பல குடும்பங்கள் கையிற் கொள்ளக்கூடியதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் புறப்பட்டன.

நகாஷிமாவும், மனைவியும், அவ்வாண்டுத் தொடக்கத்திற் பிறந்த கைக்குழந்தை மீராவும் ஐடகோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பாலைநிலம், புழுதிக் காற்று, கோடையிற் கொடிய வெயில், மாரியிற் கடுங்குளிர், தார்த்தாள் ஒட்டிய பலகைக் கொட்டில்கள், சுற்றிலும் முட்கம்பி. பிறந்த நாடே தன்னைப் பகைவனென்று அடைத்து வைத்தால் ஒருவன் உள்ளம் என்ன பாடுபடும்! வெறுப்பிலே வெந்து சாம்பராவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

அவ்விடத்திலே அவர் ஒரு குருவைக் கண்டார். கென்தாரோ ஹிகோகாவா என்னும் யப்பானியத் தச்சர், பழைய மரபிலே முறையாகப் பயின்றவர், அவரும் அம்முகாமில் அடைபட்டிருந்தார். கட்டடக் கலையில் முதுமாணியான நகாஷிமா, முப்பத்தேழாவது வயதில், அத்தச்சரிடம் மாணவனாய் அமர்ந்தார். உளியைத் தீட்டுவது எப்படி, யப்பானிய வாளை இழுப்பது எப்படி, சீவுளியை மரத்தின் ஓட்டமறிந்து இழுப்பது எப்படி, இடைவெளி தெரியாமற் கழுந்தைத் துளையிற் பொருத்துவது எப்படி என்று அரிச்சுவடியிலிருந்து கற்றார். நல்ல மரம் அங்கே ஏது? கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுகளும், பாலையிலே முளைத்த முறுக்கேறிய புதர்க்கட்டைகளுமே கிடைத்தன. அவற்றைக்கொண்டே கொட்டில்களை மனிதர் வாழத்தக்க இடங்களாக்க இருவரும் முயன்றனர். எவரும் வேண்டாவென்று எறிந்த கட்டையிலும் ஓர் அழகுண்டு, அதனைக் காண்பதே தச்சன் கடமை என்னும் பாடம் அவருக்குச் சிறைச்சாலையிலே கிடைத்தது.

கோழிப்பண்ணையும் பட்டறையும்

அப்போது அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த பழைய முதலாளி றேமண்ட், தம் மாணவனை மறக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்து நியூஹோப் என்னும் ஊரில் அவருக்கொரு பண்ணை இருந்தது. அவர் பிணைநின்றமையால் 1943-இல் நகாஷிமா குடும்பம் முகாமினின்றும் விடுதலை பெற்றது. கட்டடக் கலைஞராக அவரை வைத்துக்கொள்ள அன்றைய நிலை இடந்தரவில்லை. ஆகவே பண்ணையாளாகக் கோழி வளர்த்தார். அதனை அவர் இழிவாக எண்ணவில்லை. ஓய்ந்த வேளைகளில் மரவேலை செய்தார்.

போர் முடிந்தபின் அவ்வூரிலேயே மூன்று ஏக்கர் நிலத்தைத் தம் உழைப்பையே விலையாகக் கொடுத்துப் பெற்றார். முதலிற் பட்டறையைக் கட்டினார். அதன்பின்பே வீட்டைக் கட்டினார். கையிற் பணமில்லாத அந்நாட்களிலே, மரவணிகர் ஓரம் கோணியதென்றும், முடிச்சுள்ளதென்றும், வெடித்ததென்றும் கழித்த பலகைகளே அவருக்கு எட்டக்கூடியவையாய் இருந்தன. பிறர் குறையென்று ஒதுக்கியவற்றையே அவர் தம் கலையின் சிறப்பாக மாற்றினார்.

அவர் செய்த மேசைகளை ஒருமுறை கண்டோர் மறவார். பலகையின் ஓரத்தை நேராக வெட்டமாட்டார்; மரம் வளர்ந்தபடியே வளைவும் நெளிவுமாக விட்டுவிடுவார். முடிச்சை மறைக்கமாட்டார். பலகையில் வெடிப்பிருந்தால் அதனைப் பசையாலும் சாயத்தாலும் மூடாது, வண்ணத்துப்பூச்சி வடிவாகச் செதுக்கிய கடின மரத்துண்டுகளைக் குறுக்கே பதித்துப் பிணைப்பார். வெடிப்பு யாவர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அது மேலும் விரியாது. பார்ப்போர்க்கு அந்தப் பிணைப்பே அழகாய்த் தோன்றும். தம் வாழ்விலே விழுந்த வெடிப்பையும் அவர் அவ்வாறே கையாண்டார். முகாமின் கதையை அவர் மறைத்ததுமில்லை. அதனால் தம் உள்ளம் பிளந்துபோக விட்டதுமில்லை.

விழுந்த மரம் ஒன்றை அறுப்பதென்றால் அவரே நேரில் நிற்பார். எந்தத் திசையில் வாள் செல்ல வேண்டும், எவ்வளவு தடிப்பில் அறுக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். சற்றே விலகினாலும் நூறாண்டுகளாக மரம் தன்னுள்ளே எழுதிவைத்த கோலம் அழிந்துவிடும் என்பது அவர் கவலை. ஒரே மரத்துப் பலகைகளை வரிசை மாறாமல் அடுக்கி, வருடக் கணக்காக உலரவிடுவார். ஒவ்வொரு பலகைக்கும் ஏற்ற பயன் ஒன்றுண்டு, அது புலப்படும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மரம் வெட்டப்படுவதோடு இறப்பதில்லை. நல்ல தச்சன் கையிலே கதிரையாகவும், வாங்காகவும், மேசையாகவும் மறுபிறவி எடுத்து மீண்டும் பல தலைமுறை வாழ்கின்றது என்று அவர் நம்பினார். 1981-இல் வெளிவந்த, மரத்தின் ஆன்மா எனப் பொருள்படும் பெயருடைய அவரது நூல் இக்கருத்தையே விரித்துரைக்கின்றது.

இல்லறமும் புகழும்

பட்டறையும் வீடும் ஒரே வளவில் இருந்தன. கணக்கு வழக்குகளையும் தொழிலின் நிருவாகத்தையும் மனைவியார் பார்த்துக்கொண்டார். 1954-இல் கெவின் என்னும் மகன் பிறந்தான். மகள் மீரா ஹார்வார்டிலும் யப்பானிலும் கட்டடக் கலை பயின்று, 1970-இல் தந்தையின் பட்டறையிற் சேர்ந்தார். முட்கம்பிக்குள்ளே தொட்டிலாடிய குழந்தை, தந்தைக்குப் பின் அத்தொழிலையே ஏற்று நடத்தும் தலைவியானார் என்பது எண்ணுந்தோறும் இன்பந் தருவது.

புகழ் அவரைத் தேடி வந்தது. 1952-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கைவினைத் திறனுக்கான பதக்கம் அளித்தது. பெருந்தொழிற்சாலைகள் சிலவற்றுக்கும் அவர் வடிவங்கள் வரைந்து கொடுத்தார். ஆயினும் தம் பட்டறையைத் தொழிற்சாலையாக்க அவர் விரும்பவில்லை. 1964-இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து, இந்தியத் தச்சரைக்கொண்டு தளபாடங்கள் செய்வித்தார். யப்பானிலே கத்தோலிக்க ஆலயமொன்றையும் அவர் அமைத்தார். புதுச்சேரியில் யோகம் பயின்றவர் கிறிஸ்தவக் கோயில் கட்டுவதா என்று கேட்பாருக்கு, அவர் வாழ்வே விடை. இறைவன் ஒருவனே என்று தெளிந்தவருக்கு ஆலயங்களிடையே பகையில்லை. 1983-இல் யப்பானியப் பேரரசும் அவருக்கு விருதளித்துப் பெருமை செய்தது.

முதுமையிலே அவர் ஓர் ஆசை கொண்டார். ஒவ்வொரு கண்டத்திலும் சமாதானத்துக்கென ஒரு பெரும் மேசையை அமைத்தல் வேண்டும் என்பதே அது. 1984-இற் கிடைத்த மிகப்பெரிய வோல்நட் மரமொன்றை அறுத்து, இரு பெரும் பலகைகளை இணைத்து, முதலாவதைச் செய்தார். 1986-ஆம் ஆண்டின் இறுதி இரவிலே அது நியூயோர்க் நகரத்துப் புனித யோவான் பேராலயத்திற் பிரதிட்டை செய்யப்பட்டது. அதிலும் வண்ணத்துப்பூச்சிப் பிணைப்புகளைக் காணலாம். போரினாற் சிறைப்பட்ட ஒருவர் உலகுக்குத் தந்த மறுமொழி அம்மேசை.

1989-இல் அவருடைய பழைய வாடிக்கையாளரான தம்பதியர் ஒருவரின் வீடு தீப்பற்றி எரிந்து, அவர் செய்துகொடுத்த நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சாம்பராயின. எண்பது வயதைக் கடந்திருந்த அவர், அவற்றை மீண்டும் செய்து கொடுக்க முன்வந்தார். வேலை முடியுமுன்னே 1990 ஜூன் 15-ஆம் திகதி அவர் ஆவி பிரிந்தது. எஞ்சியதை மகள் செய்து முடித்தார்.

போர்க்காலத்திற் செய்தது தவறென்று ஒப்புக்கொண்டு அமெரிக்க அரசு 1988-இற் சட்டமியற்றியது. முகாம்களில் அடைக்கப்பட்டோர்க்கு மன்னிப்புக் கடிதமும் 20,000 டொலரும் வழங்கத் தொடங்கியது 1990 ஒக்ரோபரில். நகாஷிமா அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டார். அக்கடிதத்துக்காகக் காத்திருந்து அவர் தம் நாட்களைக் கழிக்கவில்லை; மரத்தோடும் மக்களோடும் இறைவனோடும் வாழ்ந்து நிறைந்தார். நியூஹோப்பிலுள்ள அவரது வீடும் பட்டறையும் 2014-இல் அந்நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அன்று பகைவனென்று அடைத்த நாடே அவர் கைபட்ட கூரையைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

இளைஞர்களே! இன்னுமொன்று கேளுங்கள். அவர் கனவு கண்ட சமாதான மேசைகளுள் ஒன்று, அவர் மறைந்தபின் 1996-இல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஓரோவில் நகரில் அமைக்கப்பட்டது. எந்த மண்ணிலே சம்பளம் வேண்டாவென்று கூறிச் சுந்தரானந்தர் என்னும் நாமத்தைப் பெற்றாரோ, அந்த மண்ணுக்கே அவர் கலை ஒரு காணிக்கையாய் மீண்டு வந்தது.

நாம் எல்லாரும் தச்சராக வேண்டுமென்பதன்று இதன் கருத்து. ஆசிரியராயினும், கமக்காரராயினும், கணக்கெழுதுவோராயினும், கையிலெடுத்த வேலையை இறைவனுக்குப் படைக்கும் மலராக எண்ணிச் செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யின் உயர்ந்த தொழில், தாழ்ந்த தொழில் என்னும் பேச்சு நம்மிடையே நில்லாது. அடுத்தமுறை பட்டறையொன்றைக் கடந்து செல்லும்போது, உள்ளே சீவுளி தள்ளும் முதியவரைக் கண்டால், ஒருகணம் நின்று வணங்கிச் செல்வோமாக.